மாடியிலிருந்து இறங்கிய நாற்காலி

இரண்டு வருஷத்துக்கு முன்னால், மாசி மாதம் ஆரம்பித்து மே மாத விடுமுறையில் முடிந்த விஷயம் இது. இடம் தூத்துக்குடி, எங்கள் ஹார்டுவேர் கடைக்குப் பின்பக்கம் இருக்கிற தெரு. கடல் அங்கிருந்து கூப்பிடு தூரம்தான். இதை யாரிடம் சொல்ல ஆரம்பித்தாலும் முதலில் என்னைப் பற்றிக் கொஞ்சம் பெருமை அடித்துக்கொள்ள வேண்டியிருக்கிறது. பொறுத்துக்கொள்ளுங்கள், அது இல்லாமல் கதை நகராது.

எனக்கு ஐம்பது தாண்டிவிட்டது. நானும் என் வீட்டுக்காரரும் சேர்ந்துதான் கடையைப் பார்க்கிறோம். நட்டு, போல்ட், சங்கிலி, கப்பி, கயிறு, பெயிண்ட் எல்லாம் கிடைக்கும். எங்கள் மகன் சின்னப் பிள்ளையாக இருந்தபோது அவனுக்கு ஒரு மெக்கானிக் செட் வாங்கிக் கொடுத்தோம். வரிசையாகத் துளை போட்ட தகரப் பட்டைகள், குட்டி நட்டு போல்ட், பல்சக்கரம், அச்சுக் கம்பி எல்லாம் பெட்டிக்குள் இருக்கும். அவற்றை மாட்டி வண்டி, கிரேன் என்று விதவிதமாகச் செய்யலாம். அவன் இரண்டே நாளில் அலுத்துப்போய்க் கிரிக்கெட் மட்டையைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிட்டான். எனக்கு இன்னும் அலுக்கவில்லை.

இப்போது எங்கள் கடையின் கண்ணாடி அலமாரியில் பாதி இடம் என் பொம்மைகளுக்குத்தான். துறைமுகத்துக் கிரேன் ஒன்று இருக்கிறது. கைப்பிடியைச் சுற்றினால் தீப்பெட்டியைத் தூக்கி அந்தப் பக்கம் கொண்டுபோய் இறக்கும். உப்பளத்தில் உப்பு ஏற்றுகிற பெல்ட் ஒன்று இருக்கிறது. அதில் நிஜ உப்பைப் போட்டு ஓட்டிக் காட்டினேன். ஒரே வாரத்தில் துருப்பிடித்துக் கட்டையாகிவிட்டது. அதற்குப் பிறகு ரவையைப் போட்டு ஓட்டுகிறேன். எங்கள் ஊர்க் காற்றுக்கு இரும்பென்றால் அவ்வளவு ஆசை, எதையும் விட்டுவைக்காது. அதனால் வாராவாரம் எல்லாவற்றையும் கழற்றி, பழைய டூத் பிரஷ்ஷால் தேய்த்து, தையல் மெஷின் எண்ணெய் போட்டு மறுபடி மாட்டுவேன். வாஷர் வாங்க வந்தவர்கள் வாங்க வந்ததை மறந்துவிட்டு வேடிக்கை பார்ப்பார்கள். இது ஹார்டுவேர் கடையா பொருட்காட்சியா என்று என் வீட்டுக்காரர் கேட்பார். ஆனால் புது ஆள் யாராவது கடைக்கு வந்தால் கிரேனை ஓட்டிக் காட்டுவது அவர்தான்.

பின்தெருவில் ஒரு பெண் இருந்தாள், தையல் வேலை பார்ப்பவள். மெஷின் எண்ணெய் வாங்க எங்கள் கடைக்கு வருவாள். அந்த மாசியில் ஒருநாள் அப்படித்தான் வந்தாள். எண்ணெய்ப் புட்டியைக் கையில் வாங்கிக்கொண்ட பிறகும் போகாமல் கிரேனையே பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு மெதுவாகக் கேட்டாள்.

“அக்கா, இது மாதிரி ஒண்ணு ஆளைத் தூக்குமா?”

விளையாட்டாகக் கேட்கிறாள் என்று நினைத்துச் சிரித்தேன். அவள் சிரிக்கவில்லை. அப்புறம்தான் அவளை உட்கார வைத்து விஷயத்தைக் கேட்டேன்.

அவள் புருஷன் தோணிக்காரர். சரக்குத் தோணியில் மாலத்தீவுக்குப் போய் வந்துகொண்டிருந்தவர். ஒருநாள் சரக்கு ஏற்றும்போது கால் வழுக்கித் தோணியின் அடிப்பள்ளத்துக்குள் விழுந்துவிட்டார். முதுகெலும்பில் அடி. உயிர் பிழைத்தது, இடுப்புக்குக் கீழே உணர்வு போய்விட்டது. அவருக்கு நாற்பத்தைந்து வயதுகூட ஆகவில்லை. இவர்கள் பங்கு மாடி வீடு. கீழ்வீடு அண்ணன் பங்கு, அதை அவர் வலை போட்டு வைக்கிற கிடங்குக்கு, எங்கள் ஊர்ப் பேச்சில் கிட்டங்கிக்கு, வாடகைக்கு விட்டிருந்தார். மாடிப்படியோ ஓர் ஆள் ஒருக்களித்து ஏறுகிற அகலம், நடுவில் ஒரு திருப்பம் வேறு. மருத்துவமனைக்குப் போக இரண்டு தடவை நாலு பேர் அவரைப் போர்வையில் போட்டுத் தூக்கி இறக்கினார்கள். இரண்டாவது தடவைக்குப் பிறகு இனி இறங்க மாட்டேன் என்று சொல்லிவிட்டார். அதோடு மூன்று வருஷமாக அந்த மாடிதான் அவருக்கு உலகம். மருந்து, டாக்டர், முடிவெட்டுகிறவர், எல்லாம் மேலே போகவேண்டும்.

மே மாதம் அவர்கள் மகளுக்குப் புதுநன்மை. கத்தோலிக்கப் பிள்ளைகள் முதல்முதலாகக் கோயிலில் நற்கருணை வாங்குகிற நாளைத்தான் அப்படிச் சொல்வார்கள். வெள்ளைக் கவுன், தலையில் வெள்ளை முக்காடு, பூசை முடிந்து வீட்டில் விருந்து என்று தெருவே களைகட்டும். எங்கள் வீடுகளில் காதுகுத்துக்குக்கூட அவ்வளவு ஆரவாரம் இருக்காது. அந்தப் பிள்ளை, அப்பா வந்தால்தான் நன்மை வாங்குவேன் என்று ஒற்றைக் காலில் நிற்கிறாளாம். அவரோ இறங்க மாட்டார். நடுவில் இவள் கிடந்து அல்லாடுகிறாள்.

“அவிய மாட்டேங்காவ அக்கா. கேட்டா சுவரைப் பாத்துத் திரும்பிக்கிடுதாவ,” என்றாள்.

இதெல்லாம் ஒரு விஷயமா என்று எனக்குத் தோன்றியது. உண்மையைச் சொன்னால், அந்த நிமிஷமே என் மனசுக்குள் கப்பியும் கயிறும் ஓட ஆரம்பித்துவிட்டன. மாடி வராந்தாவின் ஓரத்திலிருந்து தெருப்பக்கத்து முற்றத்துக்கு ஒரு நாற்காலி இறங்க வேண்டும், அவ்வளவுதானே? நீ கவலைப்படாமல் போ, நான் இறக்கிக் காட்டுகிறேன் என்று சொல்லி அனுப்பினேன்.

நான் எதையும் முதலில் பொம்மையில் செய்து பார்ப்பேன். பொம்மையில் ஓடாதது நிஜத்தில் ஓடவே ஓடாது. பொம்மை தாங்குவதையெல்லாம் நிஜம் தாங்கிவிடும் என்றும் சொல்ல முடியாது. ஒரு விரல் நீளப் பட்டை கால் கிலோவைத் தாங்கினால், ஓர் ஆள் நீள இரும்பு எவ்வளவு தாங்கும் என்பது வேறு கணக்கு. அந்த வித்தியாசம் எனக்கு நன்றாகத் தெரியும், அதற்குத் தனியாக ஆள் வைத்துக்கொள்ளலாம் என்று இருந்தேன். முதலில் யோசனை சரியா என்று பார்க்க வேண்டும்.

ஒரு வாரத்தில் செய்து முடித்தேன். இரண்டு மாடிச் சட்டம், மேலே கப்பி, அதிலிருந்து தொங்குகிற குட்டி நாற்காலி, கீழே கயிறு சுற்றுகிற உருளை, உருளையில் கைப்பிடி. கைப்பிடி தவறிப் பின்னால் சுற்றிவிடாதபடி பல்சக்கரத்தில் விழுந்து தடுக்கிற ஒரு நாக்கு. நாற்காலியில் ஒரு பொம்மையை உட்கார வைத்து, அதற்குக் கட்டம் போட்ட துணியில் லுங்கி மாதிரி சாரம்கூடக் கட்டிவிட்டிருந்தேன். அதில் எனக்குத் தனிப் பெருமை. ஒரு தாம்பாளத்தில் வைத்து, மேலே துண்டு போட்டு மூடி, சீர்வரிசை கொண்டுபோகிற மாதிரி அந்தக் குறுகின படியில் ஏறினேன்.

அவர் கட்டிலில் தலையணையில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். நல்ல தோள், நல்ல கை. வாங்க அக்கா என்று மரியாதையாகக் கூப்பிட்டார். நான் துண்டை எடுத்து, ஓட்டிக் காட்டினேன். பொம்மை ஆடாமல் அசையாமல் இறங்கியது, ஏறியது. பிள்ளை கைதட்டினாள். அவர் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

“கைப்பிடி கீழயா இருக்கு?”

ஆமாம் தம்பி, கீழேதான், இரண்டு பேர் நின்று சுற்றுவார்கள், நீங்கள் ஒன்றுமே செய்ய வேண்டாம், ராஜா மாதிரி உட்கார்ந்திருந்தால் போதும் என்று உற்சாகமாகச் சொன்னேன். நல்லா இருக்கு அக்கா என்றார். பிறகு சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டார். அவர் மனைவி என்னைப் பார்த்தாள். நான் பொம்மையை அள்ளிக்கொண்டு இறங்கினேன்.

பயம் என்று நினைத்தேன். உயரத்திலிருந்து விழுந்து அடிபட்டவர், பயம் இருக்காதா? அதனால் பயத்தைப் போக்குகிற வேலையில் இறங்கினேன். ஒரு நாக்குக்கு இரண்டு நாக்கு போட்டேன். ஒரு கயிறு அறுந்தால் இன்னொரு கயிறு பிடித்துக்கொள்ளும்படி செய்தேன். நாற்காலிக்குப் பக்கவாட்டுத் தடுப்பு, இடுப்புக்கு வார், காலுக்குப் பலகை, எல்லாம் வைத்தேன். வேண்டுமென்றே ஒரு கயிற்றைக் கத்தரியால் வெட்டி, நாற்காலி விழாமல் நிற்கிறதா என்றும் பார்த்தேன். நின்றது. கடைக்கு வந்தவர்களெல்லாம் அசந்து போனார்கள். இதில் ஏற மாட்டேன் என்று சொல்ல ஒரு மனுஷனால் முடியுமா என்று நினைத்துக்கொண்டு மறுபடி தாம்பாளத்தைத் தூக்கினேன்.

முடியும் என்று காட்டிவிட்டார். இந்தத் தடவை சுவர்ப்பக்கம் திரும்பவில்லை, நேராகவே சொன்னார். வேண்டாம் அக்கா, உங்களுக்கு எதற்குச் சிரமம் என்றார்.

எனக்குக் கோபம் வந்துவிட்டது. வாய் கொஞ்சம் நீளம் எனக்கு. அந்தப் பிள்ளை உங்களுக்காக அடம் பிடித்து உட்கார்ந்திருக்கிறாள், நான் ஒரு மாசமாகக் கடையைக்கூடச் சரியாகப் பார்க்கவில்லை, உங்களுக்கு அப்படி என்ன பயம் என்று கேட்டுவிட்டேன். அவர் மனைவி, அக்கா விடுங்க என்று என் கையைப் பிடித்தாள். அவர் அவளைத் தடுத்தார். பொம்மையைத் தன் பக்கம் இழுத்து வைத்துக்கொண்டார். குரலை உயர்த்தாமல் பேசினார்.

“பயம் இல்ல அக்கா. தோணில ஒரு வழக்கம் உண்டு. சரக்கை யாரு வேணாலும் கட்டலாம், யாரு வேணாலும் இறக்கலாம். ஆனா பாய்மரத்துல ஆள் ஏறணும்னா இடுப்பு முடிச்சை அவன்தான் போடணும். தண்டலே வந்து கட்டிவிட்டாலும் அவுத்துட்டு மறுபடி அவனே போடுவான். நீங்க என்னைய பத்திரமாத்தான் இறக்குதிய. ஆனா சரக்கா இறக்குதிய.”

தண்டல் என்றால் தோணிக்குத் தலைவர். நான் பொம்மையை எடுத்துத் தாம்பாளத்தில் வைத்துக்கொண்டு எழுந்தேன். முகம் எரிந்தது. அவர் மனைவி படிவரை என்னோடு வந்தாள். இரண்டாவது தடவை போர்வையில் தூக்கி இறக்கியபோது நடந்ததை அப்போதுதான் சொன்னாள். படித் திருப்பத்தில் போர்வை ஒரு பக்கமாகச் சாய்ந்திருக்கிறது. தூக்கியவர்களில் ஒருவர், பார்த்து, சரக்கு சரியுது என்று வேடிக்கையாகச் சொல்லியிருக்கிறார். தூக்கியவர்கள் எல்லாம் கூடத் தோணிக்குப் போனவர்கள், சிநேகிதர்கள். எல்லோரும் சிரித்தார்களாம். இவரும் சேர்ந்து சிரித்தாராம். வீட்டுக்குத் திரும்பிக் கொண்டுவந்து படுக்க வைத்த பிறகுதான், இனி இறங்க மாட்டேன் என்று சொல்லியிருக்கிறார்.

இரண்டு நாள் நான் யாரிடமும் சரியாகப் பேசவில்லை. ஒரு நேரம் அவர் மேல் கோபம் வரும், ஒரு நேரம் என் மேல். மூன்றாம் நாள் என் வீட்டுக்காரர் என் முன்னால் டீயை வைத்துவிட்டு, “ஏளா, நட்டைக் கழத்தினா எல்லாம் பழையபடி பட்டைதான், கழத்தி வேற மாதிரி மாட்டிப் பாரேன்,” என்றார். அவருக்கு மெக்கானிசம் எதுவும் தெரியாது. ஆனால் என்னைத் தெரியும். அன்று மத்தியானம் கடையில் கூட்டம் இல்லாத நேரத்தில் முழுவதையும் கழற்றிப் போட்டேன்.

கைப்பிடி கீழே இருக்கக்கூடாது. நாற்காலியிலேயே, அவர் கைக்கு எட்டும்படி இருக்க வேண்டும். சொல்வது சுலபம். என் பழைய அமைப்பில் இறங்க வேண்டுமென்றால் அந்தத் தடுப்பு நாக்கைத் தூக்கிவிட வேண்டும். தூக்கிய நிமிஷம் முழு எடையும் கைப்பிடிக்கு வரும். கீழே இரண்டு பேர் பிடித்து மெதுவாக விடலாம். நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறவர் தன் எடையைத் தானே பிடிக்க வேண்டுமென்றால், ஒரு தும்மல் போட்டால் போதும், கை நழுவிவிடும்.

கோயில் பாடகர் குழுவில் கிடார் வாசிக்கிறவர்களைப் பார்த்திருப்பீர்கள். கிடாரின் தலையில் இருக்கிற காதைத் திருகினால் கம்பி இறுகும், தளரும். ஆனால் கம்பியை எவ்வளவு இழுத்தாலும் காது தானாகச் சுற்றாது. உள்ளே திருகுபுரி போட்ட ஒரு தண்டு, பல்சக்கரத்தின் மேல் உட்கார்ந்திருக்கும். தண்டு சக்கரத்தைச் சுழற்றும், சக்கரத்தால் தண்டைச் சுழற்ற முடியாது. இதை வார்ம் கியர் என்பார்கள். என் பெட்டியில் பித்தளையில் குட்டியாக ஒன்று இருந்தது. அதை நாற்காலியோடு சேர்த்து மாட்டினேன். கயிற்றின் ஒரு முனையை மேலே தூலத்தில் கட்டிவிட்டு, மறுமுனை நாற்காலியில் இருக்கிற உருளையில் சுற்றும்படி செய்தேன். உட்கார்ந்திருப்பவர் கைப்பிடியைச் சுற்றினால் நாற்காலி கயிற்றைப் பிடித்துக்கொண்டு ஏறும், மறுபக்கம் சுற்றினால் இறங்கும். கையை எடுத்தால் எங்கே இருக்கிறதோ அங்கேயே நிற்கும். அரைக்கிலோ ஆணிப் பொட்டலத்தை வைத்துச் சுற்றினேன். பாதியில் கையை எடுத்தேன். அசையவில்லை. ஓடுகிற மெஷினைப் பார்த்துத்தான் எனக்கு எப்போதும் சந்தோஷம். அன்றைக்கு நின்ற மெஷினைப் பார்த்துக் கண் கலங்கிவிட்டது.

இந்தத் தடவை தாம்பாளம் இல்லை, துண்டு இல்லை. நாற்காலியில் பொம்மையும் இல்லை. கொண்டுபோய் அவர் கட்டிலில் வைத்துவிட்டு, பார்த்து என்ன குறை இருக்கிறது என்று சொல்லுங்கள் என்று மட்டும் சொல்லிவிட்டு வந்துவிட்டேன். வாயை மூடிக்கொண்டு வந்ததுதான் அதில் பெரிய கஷ்டம்.

நாலைந்து நாள் சத்தமே இல்லை. அப்புறம் அவர் மனைவி கடைக்கு வந்தாள். கைப்பிடி இடது பக்கம் இருக்க வேண்டுமாம், வலது தோளில் பழைய அடி இருக்கிறதாம். மாற்றிக் கொடுத்தேன். அடுத்த வாரம், ஏறும்போது நிறையச் சுற்ற வேண்டியிருக்கிறது, குறைக்க முடியுமா என்று சொல்லி அனுப்பினார். வழுக்காமல் நிற்கிறதே, அதற்குக் கொடுக்கிற விலை அது, குறைக்க முடியாது என்று சொல்லி அனுப்பினேன். சரி என்றார். அப்புறம் ஒருநாள் சுற்றவே மாட்டேன் என்கிறது என்று சேதி வந்தது. போய்ப் பார்த்தால், எண்ணெய் தீர்ந்துவிட்டதென்று தலைக்குத் தேய்க்கிற தேங்காயெண்ணெயை விட்டிருக்கிறார். கடற்கரைத் தூசியெல்லாம் அதில் அப்பி, பல்லுக்குப் பல் பிசினாக இருந்தது. அன்றைக்கு அவரை ஒரு பிடி பிடித்தேன். அவர் சிரித்தார். மண்ணெண்ணெயில் போட்டுக் கழுவ, கழற்ற, மாட்ட எல்லாம் சொல்லிக் கொடுத்தேன். பிறகு பித்தளைப் புரி தேய்கிற அளவுக்கு அதை ஓட்டினார். மாற்றுப் புரி கிடைக்காமல் நான் அலைந்தது தனிக் கதை.

ஆனால் வருகிறேன் என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.

அவர் கேட்காமலே நிஜ வேலையைத் தொடங்கிவிட்டேன். வெல்டிங் பட்டறைக்காரர் ஒருவர் எங்கள் வாடிக்கையாளர். பொம்மையைப் பார்த்ததும் சிரித்தார். கைப்பிடியைச் சுற்றிப் பாதியில் கையை எடுத்துப் பார்த்த பிறகு சிரிக்கவில்லை. காயலான் கடையில் பழைய இரும்புக் குவியலிலிருந்து ஒரு கியர் பெட்டியை அவரே தேடிப் பிடித்துக் கொண்டுவந்தார். ஏதோ விசைப்படகில் இருந்ததாம். பிரித்துப் பார்த்தால் உள்ளே புரி புத்தம் புதிதாக இருந்தது. வீடு கட்டுகிற இன்ஜினியர் ஒருவரைக் கூட்டிவந்து, சுவர் எவ்வளவு தாங்கும், தூலம் எவ்வளவு கனம் வேண்டும் என்று கேட்டுக்கொண்ட பிறகுதான் மேலே இரும்புத் தூலம் போட்டோம். நாற்காலி காற்றில் ஆடாமல் இருக்க இரண்டு பக்கமும் நிமிர்ந்த குழாய்கள், அதில் உருளுகிற சக்கரங்கள். ஏறப்போகிறவர் எடையைப்போல இரண்டு மடங்குக்கு உப்பு மூட்டையை ஏற்றித் தொங்கவிட்டு ஒரு ராத்திரி முழுக்க அப்படியே வைத்திருந்தோம். காலையில் போய்ப் பார்த்தபோது மூட்டை நின்ற இடத்தில் நின்றது.

முதல் ஆளாக நான்தான் ஏறினேன். என் எடையை இங்கே சொல்வதாக இல்லை. தோணிக்காரர் வராந்தாவில், மாடிக்குள் நகர வைத்திருந்த சக்கர நாற்காலியில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தார். இடுப்புக் கயிற்றை நானே கட்டிக்கொண்டேன், கடையில் பார்சலுக்குப் போடுகிற முடிச்சு. இது ஆணிப் பொட்டலத்துக்குச் சரி, ஆளுக்கு ஆகாது என்று சொல்லி அவிழ்க்க வைத்தார். தன் முடிச்சை என் கண் முன்னால் இரண்டு தடவை போட்டுக் காட்டினார், ஆனால் என் கயிற்றைத் தொடவில்லை. நானேதான் போட்டேன். இறங்கினேன், ஏறினேன். தெருவே என்னைப் பார்த்துச் சிரித்தது. எனக்கு விமானத்தில் போய் வந்த மாதிரி இருந்தது.

அவரும் ஏறி உட்கார்ந்து பார்த்தார். விடியற்காலையில், தெருவில் ஆள் நடமாட்டம் இல்லாத நேரத்தில், ஓர் ஆள் உயரத்துக்குக்கூட இறங்க மாட்டார். கொஞ்சம் இறங்குவார், ஏறிவிடுவார். கீழேவரை வந்து பாருங்களேன் தம்பி என்று ஒரே ஒரு தடவை வாய் தவறிக் கேட்டேன். அவர் கைப்பிடியைச் சுற்றி மேலே ஏறிவிட்டார். அவர் மனைவி தினமும் மாதாவுக்கு மெழுகுதிரி ஏற்றினாள். நான் எங்கள் அம்மனுக்குத் தேங்காய் உடைத்தேன். பிள்ளைக்குக் கவுன் தைத்து முடித்தாகிவிட்டது. வருவாரா மாட்டாரா என்பது மட்டும் யாருக்கும் தெரியவில்லை.

புதுநன்மை நாள் வந்தது. ஞாயிற்றுக்கிழமை காலை. நான் விடிந்ததுமே கிரீஸ் டப்பாவும் ஸ்பானருமாகப் போய், ஒவ்வொரு நட்டையும் பார்த்து, கம்பிக் கயிற்றை விரலால் தடவிப் பார்த்துவிட்டுக் கீழே நின்றேன். விஷயம் எப்படியோ பரவித் தெருவில் கூட்டம் சேர்ந்துவிட்டது. எல்லோரும் போய் அவரவர் வேலையைப் பாருங்கள் என்று நான் விரட்டியதை யாரும் காதில் வாங்கவில்லை. பிள்ளை வெள்ளைக் கவுனில், கையில் மெழுகுதிரியோடு முற்றத்தில் நின்றாள். அண்ணாந்து மாடியையே பார்த்துக்கொண்டிருந்தாள். கோயிலில் முதல் மணி அடித்துவிட்டார்கள்.

வராந்தாக் கதவு திறந்தது. வெள்ளைச் சட்டை, வெள்ளை வேட்டி, தலைமுடி படிய வாரியிருந்தார். சக்கர நாற்காலியிலிருந்து கையை ஊன்றித் தானே அந்த நாற்காலிக்கு மாறினார். உதவ வந்த மனைவியைக் கீழே போகச் சொன்னார். இடுப்புக் கயிற்றை எடுத்து, அவசரப்படாமல் முடிச்சுப் போட்டார். ஒரு தடவை இழுத்துப் பார்த்துக்கொண்டார். ஓரத்துக் கம்பியை விலக்கினார். கைப்பிடியைச் சுற்ற ஆரம்பித்தார்.

நாற்காலி இறங்கியது. கியர் பெட்டியின் கரகரப்பு மட்டும்தான் கேட்டது. அந்தச் சத்தத்தை நான் என் நாடியைப் பிடித்துப் பார்ப்பதுபோலக் கேட்டுக்கொண்டிருந்தேன். நன்றாக இருந்தது. கால்வாசி வந்தார், பாதி வந்தார்.

பாதியில் நின்றுவிட்டது.

சத்தம் நின்றது, நாற்காலி நின்றது. ஒரு நொடி, இரண்டு நொடி. அப்புறம் தெருவே பேச ஆரம்பித்தது. மாட்டிக்கிட்டு என்றார் ஒருவர். ஏணி கொண்டுவா என்றார் இன்னொருவர். பட்டறைக்காரர் முகம் வெளிறிவிட்டது. புரியில் மணல் விழுந்ததா? சக்கரம் குழாயில் பிடித்துக்கொண்டதா? கயிறு உருளையில் ஒன்றன்மேல் ஒன்று ஏறிக்கொண்டதா? எத்தனை விதமாகக் கெட்டுப்போக முடியுமோ அத்தனையும் மனசில் ஓடியது. மூன்று வருஷம் கழித்து ஒரு மனுஷன் வெளியே வந்திருக்கிறார், அவரை ஊர் நடுவில் தொங்க விட்டுவிட்டேனே என்று நினைத்தேன். ஸ்பானரைத் தூக்கிக்கொண்டு நாற்காலிக்கு அடியில் ஓடி, கைப்பிடி இறுகிவிட்டதா தம்பி, எந்தப் பக்கம் சுற்ற வரவில்லை என்று கத்தினேன். என் இரண்டு கையும் தானாக மேலே போய்விட்டன, விழுந்தால் நான் பிடித்துவிடப் போகிற மாதிரி.

அவர் குனிந்து என்னைப் பார்த்தார். கைப்பிடியிலிருந்து கையை எடுத்து மடியில் வைத்திருந்தார்.

“ஒண்ணும் ஆகல அக்கா. நான்தான் நிப்பாட்டினேன்,” என்றார். “சும்மா பாத்துக்கிட்டு இருக்கேன். கையை எடுங்க.”

நான் கையை எடுத்தேன்.

அவர் பாட்டுக்கு உட்கார்ந்து பார்த்தார். தெருவை இந்த முனையிலிருந்து அந்த முனைவரை பார்த்தார். எதிர்வீட்டுக்குப் புது வாசல் வைத்திருப்பதைப் பார்த்தார். கூட்டத்தில் ஒவ்வொரு முகமாகப் பார்த்தார். அன்றைக்குப் போர்வையில் தூக்கியவர்களும் அங்கே நின்றார்கள், அவர்களைப் பார்த்துத் தலையை ஆட்டினார். ஏணி கொண்டுவந்தவர் அதை என்ன செய்வதென்று தெரியாமல் தோளில் வைத்துக்கொண்டே நின்றார். அவர் மனைவி படிக்கட்டில் உட்கார்ந்து முந்தானையில் முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதாள். நானும் அழுதேன், ஸ்பானர் பிடித்த கையாலேயே கண்ணைத் துடைத்து முகமெல்லாம் கிரீஸ். அந்தப் பிள்ளைக்கு மட்டும்தான் இதில் எந்த அதிசயமும் தெரியவில்லை. அவளுக்கு அவள் கவலை.

“அப்பா, மணி அடிச்சாச்சு, வாங்க,” என்றாள்.

“வாரேன் வாரேன்,” என்று சொல்லிவிட்டு அவர் மறுபடி கைப்பிடியைச் சுற்றினார்.

கீழே வந்ததும் முடிச்சை அவரே அவிழ்த்தார். மாடியிலிருந்து சக்கர நாற்காலியை மடக்கி இறக்கிக்கொண்டு வந்தார்கள். அதற்கு மாறி, சக்கரத்தைத் தன் கையாலேயே உருட்டிக்கொண்டு பிள்ளைக்குப் பக்கத்தில் கோயிலுக்குப் போனார். பின்னால் நானும் போனேன், முகத்தில் கிரீஸோடு. விருந்தில் என் வீட்டுக்காரர் இரண்டு தடவை கறி வாங்கிச் சாப்பிட்டதையும், அந்த நாற்காலி தன் யோசனை என்று நாலு பேரிடம் சொன்னதையும் நான் கண்டுகொள்ளவில்லை.

இப்போது அவர் தினமும் இறங்குகிறார். கீழே வலைக் கிட்டங்கிக்காரர் அவரைக் கணக்குப் பார்க்க வைத்துக்கொண்டார். மாதம் ஒரு தடவை கியர் பெட்டியைப் பிரித்துச் சுத்தம் செய்வதும் அவர்தான். என்னைத் தொடவிட மாட்டார், பக்கத்தில் உட்கார்ந்து குறை சொல்ல மட்டும் அனுமதி உண்டு. கண்ணாடி அலமாரியில் புதுப் புதுப் பொம்மைகள் சேர்ந்துகொண்டேதான் இருக்கின்றன, அவற்றையெல்லாம் ஓட வைத்ததில் எனக்குப் பெருமையும் உண்டு. ஆனாலும் நான் செய்ததிலேயே உருப்படியான மெஷின் எது என்று யாராவது கேட்டால், அன்று பாதி வழியில் ஒரு மனுஷர் தன் இஷ்டத்துக்கு நிறுத்தி வைத்திருந்தாரே, அதைத்தான் சொல்வேன்.